கோர் பெட்டியில் இல்லாத 79 சென்டிமீட்டர்: முனையத்துக்கான துளையை எந்த ஆழத்தில் நிறுத்துவது?

பொருநைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு, மண் ஆய்வு செய்யும் நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகக் களப் பொறியாளராக இருக்கிறேன். 1986 வரை ஒரே திருநெல்வேலி மாவட்டமாக இருந்த நம் கடற்கரையில், புதிதாகத் திட்டமிடப்படும் ஒரு சரக்கு முனையத்துக்காகக் கடலுக்குள் மிதவையை நிறுத்தித் துளையிட்டு வருகிறோம். இடத்தின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் வெளியிட எனக்கு அனுமதியில்லை.

கடல் தரைக்குக் கீழே 11 மீட்டர் வரை சிப்பித்தூள் கலந்த தளர்வான மணல்தான் வந்தது. அந்த ஆழத்தில் எஸ்.பி.டி. சோதனை (சம்மட்டியால் குழாயை அடித்து இறக்கி மண்ணின் இறுக்கத்தை அளப்பது) செய்தபோது, சம்மட்டியால் 50 முறை அடித்தும் குழாய் 4 சென்டிமீட்டர்தான் இறங்கியது. உடனே டைமண்ட் பிட்டை மாட்டி, 150 சென்டிமீட்டரை ஒரே ஓட்டமாகத் துளைத்துக் கோர், அதாவது உருளை வடிவப் பாறை மாதிரி, எடுத்தோம். பெட்டிக்கு வந்தவை ஆறு துண்டுகள்: 22, 14, 11, 9, 8, 7 சென்டிமீட்டர். கூட்டினால் 71. கோர் மீட்பு 47 விழுக்காடு. 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளை மட்டும் கணக்கில் எடுத்தால், பாறை எவ்வளவு உடையாமல் இருக்கிறது என்பதைக் காட்டும் ஆர்.க்யூ.டி. 31 விழுக்காடு. மீதி 79 சென்டிமீட்டருக்குப் பதிலாகப் பெட்டியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஆழத்தை எழுதியிருக்கிறோம்.

பாறைக்குள் 3 மீட்டர் சென்றபின் துளையை முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. பாறை கிடைத்துவிட்டது, மீதி ஒன்றரை மீட்டரையும் முடித்து, லாக்கில் (துளையின் பதிவேட்டில்) "சிதைவுற்ற மணற்பாறை" என்று எழுதிவிட்டு அடுத்த புள்ளிக்கு மிதவையை நகர்த்தலாம் என்பது மேற்பார்வையாளரின் கருத்து. எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த 79 சென்டிமீட்டர் எங்கே போயிற்று? அது தெரியாமல் துளையை மூடுவது சரிதானா?

பன்னம்பாறை

தம்பி, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் நிலவியல் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள பன்னம்பாறையின் பெயரை இங்கே வைத்துக்கொண்டதற்குக் காரணம், உங்கள் பெட்டியிலுள்ள அந்த ஆறு துண்டுகளுக்கு மிக நெருங்கிய உறவுக்காரப் பாறை அங்கே நிலத்தின் மேலேயே கிடக்கிறது என்பதுதான்.

நம் கரையில் "பாறை" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறுபட்ட பொருள்களைக் குறிப்பிடுகிறோம். அடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் போன்ற பழைய படிகப் பாறை. அதை அடைந்துவிட்டால் அதற்குக் கீழே தளர்வான மணல் இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மேலே இருப்பது சுண்ணாம்பால் பிணைக்கப்பட்ட மணற்பாறை. சிப்பியிலும் பவளத்திலும் உள்ள சுண்ணாம்பு, மழைநீரிலும் நிலத்தடி நீரிலும் கரைந்து, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் மறுபடியும் படிந்து மணலை ஒட்டவைக்கிறது. அலையேற்றப் பகுதியிலும் கடற்கரைப் பாறை இவ்விதமே உருவாகிறது. கடல்மட்டமோ ஓரிடத்தில் நின்றதில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு அது இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கடல் ஏறியும் இறங்கியும் நின்ற இடங்களிலெல்லாம் ஒரு பொருக்கு உருவாகி, இடைப்பட்ட மணல் ஒட்டாமலேயே கிடந்துவிட்டது. எனவே நம் பகுதியில் கெட்டியான அடுக்குக்குக் கீழே தளர்ந்த அடுக்கு, அதற்குக் கீழே மறுபடியும் கெட்டியான அடுக்கு என்று மாறிமாறி வருவது விந்தையன்று. அதை எதிர்பார்த்தே துளையிட வேண்டும்.

அது மட்டுமன்று. கடல் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறுகள் இன்றைய கடல் தரையின் மீது பள்ளம் வெட்டி ஓடியிருக்கும். கடல் ஏறியபோது அந்தப் பள்ளங்கள் சேற்றாலும் களிமண்ணாலும் நிரம்பிவிடும். தாமிரபரணி எவ்வளவு வண்டலைக் கொண்டுவந்து கொட்டக்கூடியது என்பதற்குக் கொற்கையைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பாண்டியரின் துறைமுகமாக இருந்த ஊர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயலுக்கு நடுவில் இருக்கிறது. அதற்குப் பின் எழுந்த காயலும் பழையகாயலாகி, ஆறு இன்று புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. ஒவ்வொரு துறையையும் ஆறே தூர்த்திருக்கிறது. அந்த வண்டலின் மேல் புதிய முனையம் கட்டப் போகிறவர்கள், அது எங்கே தடித்தும் எங்கே மெலிந்தும் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் தூணின் நீளத்தை எழுத முடியாது.

உங்கள் களக் குறிப்பேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று, திரும்பி வந்த நீரின் நிறம் என்ன, நீர் நின்றதா என்பவற்றை எழுதிவைத்திருக்கிறீர்களா?

பொருநைக்கரையான்

ஐயா, எழுதிவைத்திருக்கிறேன். முதல் 40 சென்டிமீட்டரில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஆறேழு நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்த நீர் சுண்ணாம்புக் கரைசலைப் போல வெண்மையாக இருந்தது. அதன் பிறகு 60 சென்டிமீட்டருக்கு மேல், மொத்தமாகவே இரண்டு நிமிடத்துக்குள் இறங்கியது. நீர் பழுப்பு நிறமாகி, இடையில் சிறிது நேரம் திரும்பவே இல்லை. கடைசிப் பகுதியில் மீண்டும் வெண்ணிறம் வந்து வேகம் குறைந்தது. துண்டுகளின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுவிட்டபோது எல்லாமே நன்றாக நுரைத்தன.

துளைமேடை

நான் ரிக் ஓட்டுநராகத் தொடங்கி இப்போது சொந்தமாக இரண்டு ரிக் வைத்திருக்கிறேன். சொந்த ஊர் வள்ளியூர். தம்பி சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. மேலே 40 சென்டிமீட்டர் பொருக்கு, நடுவில் 60க்கு மேல் மணலோ பொந்தோ, அடியில் மீண்டும் பொருக்கு. நடுவில் இருந்ததைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதைச் சிதைவுற்ற பாறை என்று எழுதுவது தவறு. சிதைவுற்ற பாறையானால் கல்லும் கூழுமாகக் கொஞ்சமாவது கோரைப் பிடிக்கும் குழாயான பீப்பாய்க்குள் வந்திருக்கும்.

அடுத்த துளையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 150 சென்டிமீட்டர் ஓட்டத்தை விட்டுவிட்டு 50 சென்டிமீட்டராக எடுங்கள். நேரம் மூன்று மடங்காகும் என்று மேற்பார்வையாளர் கோபப்படுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குழாய் பீப்பாயைக் கையாலும் தொடாதீர்கள். இரட்டைக் குழாய் கட்டாயம், மூன்று குழாய் பீப்பாய் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் உள்குழாய் சுழலாமல் நிற்பதால் பிணைப்புக் குறைந்த மணற்கல்லும் நொறுங்காமல் வெளியே வரும். நீரின் அழுத்தத்தைக் குறையுங்கள். பிட்டைத் தாங்கும் ராடு தானாக இறங்கிய கணமே துளையிடுவதை நிறுத்தி, பிட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே எஸ்.பி.டி. செய்யுங்கள். பாறையைக் கண்டபின் எஸ்.பி.டி. செய்யக்கூடாது என்று யாரும் விதி எழுதிவைக்கவில்லை.

மிதவையில் ஒரு தொல்லை உண்டு. கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் அலை மிதவையைத் தூக்கிப்போடும்போது ராடும் கூடவே ஏறி இறங்கும். 63.5 கிலோ சம்மட்டி 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழ வேண்டும் என்பது சோதனையின் அடிப்படை; மேடையே அசைந்தால் அந்த 75 யாருடைய கணக்கிலும் 75 ஆக இருக்காது. துளையின் அடி மண்ணும் கலங்கி, எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். நால்கால் ஊன்றி நிற்கும் ஜாக்-அப் மேடை கிடைக்காவிட்டால், அலை எழும் வேளையில் எடுத்த எண்களுக்கு எதிரே "மிதவை அசைவு" என்று லாக்கிலேயே எழுதிவிடுங்கள்.

நெல்லை மதிப்பீட்டாளர்

துளைமேடை அண்ணாச்சியும் ஐயாவும் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் மதிப்பீடு தயாரிக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடலில் செலவாவது துளைக்கு அன்று, நாளுக்கு. மிதவை, இழுவைப்படகு, நங்கூரப் படகு, ஆட்கள் எல்லாவற்றுக்கும் துளையிட்டாலும் இடாவிட்டாலும் வாடகை ஓடுகிறது. 20 துளைகளுக்கென்று ஒதுக்கிய தொகையில் ஒவ்வொன்றையும் 35 மீட்டருக்குக் கொண்டுபோனால் 11 துளைகளோடு பணம் தீர்ந்துவிடும். மீதி ஒன்பது இடங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போவது மேலா? என் கருத்தில், நில அதிர்வு விலகல் முறையிலும் (அதிர்வலையை அனுப்பி அடுக்குகளின் ஆழத்தைக் கணக்கிடுவது) அடித்தரை ஒலிப்படத்திலும் (ஒலியலையால் கடல் தரைக்குக் கீழே பார்ப்பது) முதலில் அளவெடுத்து, பரப்பு முழுவதையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சந்தேகம் உள்ள இடங்களில் மட்டும் ஆழமாகப் போவதே முறை.

பன்னம்பாறை

மதிப்பீட்டாளர் சொல்வதில் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். ஒலிப்படமும் கடல் ஆழ அளவீடும் துளைக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். துறைமுகங்களுக்கான இந்தியத் தர விதி 4651இன் முதற்பகுதியே கள ஆய்வைப் பற்றியதுதான். ஆனால் நில அதிர்வு விலகல் முறைக்கு நம் மண்ணில் ஒரு பெரிய குறை உண்டு. அம்முறை, ஆழம் கூடக்கூட அலையின் வேகமும் கூடும் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. கெட்டிப் பொருக்குக்குக் கீழே தளர்ந்த மணல் இருந்தால், அந்த மணலிலிருந்து விலகல் அலை மேலே திரும்பி வராது. கருவி பொருக்கை மட்டும் காட்டிவிட்டு, கீழே இருப்பதையும் பாறையாகவே கணக்கிட்டுவிடும். நாம் அஞ்சும் அதே அடுக்கைத்தான் அது மறைக்கிறது. ஆகவே முதல் சில துளைகளையாவது ஆழமாக இட்டு, அவற்றோடு ஒப்பிட்ட பிறகே படத்தை நம்ப முடியும்.

பொந்தைப் பற்றித் துளைமேடை சொன்னதை யாரும் மிகையென்று எண்ண வேண்டாம். 2021 நவம்பர் மழையின்போது திசையன்விளைக்கு அருகிலுள்ள ஆயன்குளம் கிணறு வாரக்கணக்கில் வெள்ளத்தை உள்வாங்கியும் நிரம்பாமல் இருந்ததை நம்மில் பலர் நேரில் போய்ப் பார்த்தோம். சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் வந்து ஆராய்ந்து, நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறையில் உருவான குகைப்பாதைகளே காரணம் என்று கண்டார்கள். நிலத்தில் இவ்வளவு கரைந்திருக்கும் கல், கடல் தாழ்ந்திருந்த காலத்தில் மழையில் நனைந்த இன்றைய கடல் தரையில் மட்டும் கரையாமல் இருந்திருக்கும் என்று எப்படிக் கொள்ள முடியும்?

ஓர் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துறைமுகத்தில் கால்வாயை ஆழப்படுத்தும் வேலையில் பிணக்கு எழுந்து, கருத்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். லாக்கில் "சரளை கலந்த செறிவான மணல்" என்று எழுதியிருந்தது. அதை நம்பி விலை சொன்ன ஒப்பந்தக்காரரின் கட்டர் பற்கள் ஒரு வாரத்திலேயே உடைந்து குவிந்தன. பாறையா மணலா என்று பார்க்கலாமென்று கோர் பெட்டிகளைக் கேட்டேன். அவை கிடங்குக்கு வெளியே மழையில் கிடந்தன. பலகைகளைக் கறையான் அரித்துவிட்டது. ஆழம் எழுதிய எழுத்துகள் கழுவிப்போயிருந்தன. எந்தத் துண்டு எந்தத் துளைக்கு உரியது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நான் கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, இது கட்டாயம் பாறைதான் என்று தெரிந்தும், எங்கிருந்து வந்தது என்று எழுத முடியாமல் திரும்பினேன். தம்பி, பெட்டியைத் திறந்த அன்றே, ஈரம் காயுமுன், அளவுகோலும் வண்ண அட்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

மணப்பாட்டுக் கடலோடி

நான் பொறியாளன் அல்லன். மூன்று தலைமுறையாகக் கடலில் இருக்கும் குடும்பம். கடல் தரையில் கல் நிறைந்த இடத்தை நாங்கள் "பார்" என்போம்; முத்துச்சிப்பி விளைந்த இடங்களும் பார்கள்தாம். எந்தப் பார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எங்கே வலை கிழியும், எங்கே நங்கூரம் பிடிக்காமல் சேற்றில் இழுபடும் என்பதை எங்கள் பெரியவர்கள் கரையிலுள்ள கோபுரத்தையும் தேரிமேட்டையும் பனைக்கூட்டத்தையும் கணக்கு வைத்துச் சொல்வார்கள். இரண்டு பார்களுக்கு நடுவே நீளவாக்கில் சேறு ஓடும் இடங்கள் உண்டு. பெரியவர் சொன்ன பழைய ஆற்றுப்பள்ளம் அதுதானோ என்று படிக்கும்போது தோன்றியது.

துளைப் புள்ளிகளைச் சென்னையில் உட்கார்ந்து கட்டம் போட்டுக் குறித்துவிடுகிறார்கள். ஒரு நாள் எங்களில் நாலு பேரைப் படகில் அழைத்துப்போய்க் கேட்டிருந்தால், பார் முடிந்து சேறு தொடங்கும் விளிம்பைக் காட்டியிருப்போம். தீவுகளும் பவளமும் உள்ள கடல் இது. துளையிலிருந்து வரும் சேற்றுநீரையும், துளை சரியாமலிருக்க ஊற்றும் பென்டோனைட் களிமண் கரைசலையும் எங்கே விடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் ஊரில் எழும் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

பொருநைக்கரையான்

அண்ணாச்சி, இந்தத் துளைகளில் கேசிங் குழாயைக் கடல் தரைக்குள் இறக்கி, பென்டோனைட் இல்லாமல் கடல்நீரையே பயன்படுத்துகிறோம்; வெளிவரும் மணலை மிதவையிலுள்ள தொட்டியில் படியவிட்டுக் கரைக்குக் கொண்டுவருகிறோம். நீங்கள் சொன்ன சேற்று ஓட்டத்தைப் பற்றி நேரில் வந்து கேட்க விரும்புகிறேன்.

ஆய்வுக்கூட மேசை

மண் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் பெண் நான். களத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கூடத்தில் வழக்கத்துக்காகச் செய்யும் சில செயல்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நம் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் போன்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு 4.7 அளவில் வரும். கருமணல் படிந்த அடுக்கில் 2.65 என்று வைத்து, மணல் துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிட விகிதத்தைக் கணக்கிட்டால், தளர்வான மணலைச் செறிந்த மணல் என்று நாமே அறிக்கை கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒப்படர்த்தியைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். கரையோரம் உப்பளத்து மண்ணாக இருந்தால் அதில் ஜிப்சம் இருக்கும். வழக்கமான 105 முதல் 110 பாகை வெப்பத்தில் உலர்த்தினால் ஜிப்சத்தின் படிகநீரும் வெளியேறி, ஈரப்பதம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். அத்தகைய மண்ணைக் குறைந்த வெப்பத்தில் நீண்ட நேரம் உலர்த்த வேண்டும். குளோரைடு, சல்பேட் அளவுகளையும் விடாதீர்கள், கான்கிரீட்டின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது.

இன்னொன்று சுண்ணாம்பு அளவு. அமிலம் நுரைத்தது என்று எழுதுவதோடு நில்லாமல், கார்பனேட் விழுக்காட்டைக் கூடத்தில் கணக்கிட்டு வாங்குங்கள். சிப்பி மணல் அழுத்தத்தில் நொறுங்கக்கூடியது. ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் நார்த் ராங்கின் ஏ என்ற எரிவாயு மேடைக்கு 1980களின் தொடக்கத்தில் எஃகுத் தூண்களை அடித்து இறக்கியபோது, சுண்ணாம்பு மணலில் எதிர்பார்த்த பக்க உராய்வு கிடைக்காமல், தூண்கள் பல பத்து மீட்டர் தாமாகவே வழுக்கி இறங்கின. குவார்ட்ஸ் மணலுக்கென்று வகுத்த அட்டவணையை நம் கரையில் அப்படியே பயன்படுத்துகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நெல்லை மதிப்பீட்டாளர்

விலகல் முறையின் குறையை ஐயா சொன்ன பிறகு என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். கப்பல் அணையும் மேடைக்கு அடியில் வரும் துளைகளை ஆழமாகவும், கொள்கலன் களத்தின் துளைகளைத் தேவையான அளவிலும் வைக்கலாம். களத்தில் களிமண் வந்தால் செங்குத்து வடிகால் இட்டு மண்மேடு ஏற்றி அமுக்கிக்கொள்ளலாம். நீர் வெளியேறும் தொலைவு பாதியானால் அமுங்கும் காலம் கால்வாசியாகிவிடும். மேடையின் தூணுக்கு அந்த வசதி இல்லை. 1.2 மீட்டர் விட்டமுள்ள தூணின் முனை 40 சென்டிமீட்டர் பொருக்கில் நின்றால், அது உடைந்து இறங்குவதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஒப்பந்தத்தில் "பாறை" என்ற சொல்லுக்கு என்ன வரையறை கொடுத்திருக்கிறார்கள்?

பொருநைக்கரையான்

வரையறை எதுவும் கொடுக்கவில்லை. எஸ்.பி.டி. மறுப்பு, அதாவது எவ்வளவு அடித்தும் குழாய் இறங்காத நிலை, என்று மட்டும் இருக்கிறது. உங்கள் பதில்களைத் திரட்டி, பெயர்களில்லாமல், களக் குறிப்பேட்டின் பக்கங்களோடு வடிவமைப்பாளருக்கு அனுப்பினேன். "படிகப் பாறையை அடைந்து அதற்குள் 3 மீட்டர், அல்லது தூணின் முனைக்குக் கீழே அதன் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, இவற்றில் எது ஆழமோ அது" என்று திருத்தித் தரும்படி கேட்டிருந்தேன். மேடைக்கு உரிய துளைகளுக்கு ஒப்புக்கொண்டார்கள். கொள்கலன் களத்துக்கு உரியவற்றைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

நேற்று அதே புள்ளிக்கு இரண்டு மீட்டர் தள்ளி மறுபடியும் துளையிட்டோம். 50 சென்டிமீட்டர் ஓட்டம், மூன்று குழாய் பீப்பாய். 11.0 முதல் 11.4 வரை பொருக்கு. 11.4இல் ராடு தளர்ந்ததும் நிறுத்தி எஸ்.பி.டி. செய்தோம், மூன்று 15 சென்டிமீட்டருக்கும் 2, 3, 3 அடிகள். கடைசி இரண்டையும் கூட்டினால் எண் 6. குழாயைப் பிளந்தபோது உள்ளே பழுப்பு மணலும், முழுதாக, உடையாமல் ஒரு சிறு சிப்பியும் இருந்தன. அதற்குக் கீழே மேலும் இரண்டு பொருக்குகளையும் அவற்றின் இடையே நாலரை மீட்டர் கருநிறக் களிமண்ணையும் கடந்து, இப்போது 23 மீட்டரில் நிற்கிறோம். படிகப் பாறை இன்னும் வரவில்லை. களிமண்ணில் மெல்லிய சுவர்க் குழாயால் மூன்று மாதிரிகள் எடுத்து, இரு முனையிலும் மெழுகு ஊற்றி மூடி, நிமிர்த்தியபடியே கரைக்கு அனுப்பியிருக்கிறோம். அக்கா, அவை நாளை மாலை உங்களைப் போன்ற கவனமுள்ள ஒருவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

பழைய துளையின் லாக்கில் "சிதைவுற்ற மணற்பாறை" என்பதை அடித்துவிட்டு, "11.40 முதல் கோர் கிடைக்கவில்லை, ராடு விரைந்து இறங்கியது, நீர் இழப்பு, தளர்ந்த மணல், அருகிலுள்ள துளையில் உறுதி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேற்பார்வையாளரும் கீழே கையெழுத்திட்டார். காற்று அடங்கினால் காலை ஐந்து மணிக்கு மறுபடியும் தொடங்குகிறோம்.